பசியும் உழைப்பும்

மனிதன் ஏன் உழைக்கின்றான்? முதலாம் வருட உளவியல் வகுப்பொன்றில் இவ்வினா எழுப்பப்பட்டபொழுது, பின்வரிசையிலிருந்து ஒருவர் "பசிக்குத்தான்" என்றார். மண்டபம் சிரித்தது. விரிவுரையாளர் சிரித்தாரெனினும் அவ்விடையைத் தள்ளிவிடவில்லை. கரும்பலகையின் அடியில் அதனை எழுதி, அதன்மேல் ஒன்றன்மேலொன்றாகக் கோடுகள் இழுத்து, மாஸ்லோவின் கூம்பகத்தை வரைந்து முடித்தார். அடித்தளத்தில் உணவும் நீரும் உறக்கமுமாகிய உடலின் தேவைகள், அதற்குமேல் பாதுகாப்பு, பின்னர் அன்பும் உறவும், பின்னர் மதிப்பு, உச்சியில் தன்னியல் நிறைவு. கீழ்ப்படி நிறைந்தபின்னரே மேற்படி மனிதனை உந்தும் என்று குறிப்பெழுதிக்கொண்டோம். நான் அதனை நான்கு நிறப் பேனைகளால் வரைந்து வைத்திருந்தேன்.

அவ்வழகிய கூம்பகத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு எனது அப்புவுக்கு, அதாவது என் தந்தையாரின் தந்தையாருக்கு, நான் இழைத்த ஒரு தவறே இக்கட்டுரைக்குக் காரணம்.

எங்கள் ஊர் இணுவில். யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே கொக்குவிலையும் தாவடியையும் கடந்து வந்தால் மருதனார்மடத்துக்கு முன்னதாக அமைவது. செம்மண் பூமி. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டிற் கிடையாது. பெய்யும் மழை சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கித் தேங்குகின்றது. அதனைக் கிணறு வெட்டி மேலே கொணர்ந்தாலன்றி இங்கு ஒரு கத்தரிச்செடிதானும் நில்லாது. புகையிலை, வெங்காயம், மிளகாய், மரவள்ளி, வாழை என எங்கள் தோட்டங்களிற் பச்சையாய்த் தெரிபவை யாவும் எவரோ ஒருவர் தண்ணீரை மேலே தூக்கியதன் விளைவுகளே. 'இறைப்பு' என்னும் சொல்லுக்கு எங்கள் ஊரிலுள்ள பாரத்தை வேறோர் ஊரார் உணர்வாரோ என்பது ஐயமே.

அப்பு 1943ஆம் ஆண்டு பிறந்தவர். எட்டு வயதிலே துலா மிதிக்க ஏறியவர். இன்றைய மாணவருள் துலாவைக் கண்டவர் சிலராகவே இருப்பராதலின் சிறிது விளக்குதல் தகும். கிணற்றருகே நாட்டிய ஆடுகால்களின்மேல் கிடக்கும் நீண்ட மரத்தில் இருவரோ மூவரோ முன்னும் பின்னுமாக நடப்பர். அவர்களின் பாரத்தால் அம்மரம் தாழ்ந்தெழ, கிணற்று வாயில் நிற்பவர் பட்டையை இறக்கி நீர்மொண்டு வாய்க்காலிற் கவிழ்ப்பார். தோட்டத்தில் நிற்பவர் மண்வெட்டியால் வரம்பை வெட்டியும் மறித்தும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். பங்குக் கிணறாயின் ஒவ்வொருவருக்கும் முறை உண்டு. முறை நள்ளிரவு கழிந்து இரண்டு மணிக்கு வந்தால் இரண்டு மணிக்குத் துலாவில் ஏறவேண்டியதுதான்.

அந்த வயதில் எது உங்களை எழுப்பியது என்று ஒருநாள் கேட்டேன். வகுப்புப் பயிற்சியொன்றுக்காகக் கேட்டதென்பதை மறைக்கவில்லை. அப்பு சொன்னார்: "முதலிலை ஐயா அடிப்பார் எண்டு எழும்பினன். பிறகு இறைச்சு முடிஞ்சால் பழஞ்சோறு கிடைக்கும் எண்டு எழும்பினன். அதுக்குப் பிறகு ஏன் எண்டு கேக்காமலே எழும்பினன், பிள்ளை."

ஊக்கல் பற்றிய அரைநூற்றாண்டுக் கொள்கைகள் இம்மூன்று வாக்கியங்களில் அடங்கிவிட்டன என்று அப்பொழுது எனக்குத் தோன்றவில்லை. பின்னரே தோன்றியது. தண்டனையையும் வெகுமதியையும் கொண்டு நடத்தையை விளக்கியோர் ஒருபுறம். உடல் தனது உள்நிலையைச் சமநிலையில் வைத்திருக்க முயலுகின்றது, அச்சமநிலை குலையுமிடத்தே உந்தல் பிறக்கின்றது என்னும் கருத்து மறுபுறம். பின்னதற்கு அடிகோலியவர் உடற்றொழிலியலாளரான வால்டர் கனன். ஓருசீர்த்திடநிலை என்று நாம் பாடசாலையிற் படித்த சொல்லின் மூலச்சொல்லை ஆக்கியவர் அவரே. அதன்மீது கிளார்க் ஹல் 1943இல் ஒரு பெருங்கட்டடத்தை எழுப்பினார்: தேவை உந்தலைப் பிறப்பிக்கின்றது, உந்தலைத் தணிக்கும் செயல் நிலைபெறுகின்றது. பழஞ்சோற்றுக்காக எழுந்த சிறுவன் ஹல்லுக்குரியவன். ஆனால் ஏன் என்று கேளாமலே எழுந்தவன் எவருக்குரியவன்? 1937இல் கோர்டன் ஓல்போட் இதற்கொரு விடை கூறியிருந்தார். ஒரு செயல் எக்காரணம் பற்றித் தொடங்கியதோ அக்காரணத்தை உதறிவிட்டுத் தன் காலிலே நிற்கக்கூடும். கடலிற் பிழைத்த மாலுமி செல்வந்தனான பின்னரும் கடலுக்கு ஏங்குவது போல என்றார் அவர். நான் அதனைத் துலாவை வைத்தே விளங்கிக்கொண்டேன்.

இணுவிலில் இதற்கு வேறொரு சான்றும் உண்டு. தவிலும் நாதஸ்வரமும் எங்கள் ஊரின் பெயரைக் கடல்கடந்து கொண்டுசென்றவை. தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1933இல் பிறந்து 1975இல் தமது நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்தவர். தந்தையார் விசுவலிங்கமும் தவில் வித்துவானே. பரம்பரைத் தொழிலிற் பிறக்கும் பிள்ளையிடம் "உனக்கு இதில் விருப்பமா?" என்று எவரும் கேட்பதில்லை. விரல் நோக, தோள் நோகச் சாதகம் செய்விக்கப்படுகின்றது. அச்சத்திலோ பழக்கத்திலோ தொடங்கிய அடி, எந்தப் புள்ளியில் அவனுக்கே உரிய அடியாகின்றது? மஞ்சத் திருவிழாக் காலத்தில் எங்கள் ஒழுங்கைகளிற் சாதகம் செய்யும் சிறுவர்களின் தவிலொலியைக் கேட்கும்போதெல்லாம் இதனை எண்ணியிருக்கிறேன். அவ்விதம் சாதகம் செய்தோரெல்லாம் மேதைகளாகவில்லை என்பதையும், பிறப்பினால் ஒருவனுக்குத் தொழிலை விதிக்கும் முறைமை போற்றுதற்குரியதன்று என்பதையும் இங்கு கூறாது விடமுடியாது.

அப்புவிடம் மீள்வோம். 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தில் வெளிநாட்டு இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டமையால் வெங்காயத்துக்கும் செத்தல் மிளகாய்க்கும் வரலாறு காணாத விலை கிடைத்தது. எங்கள் கல்வீடு அக்காலத்து வெங்காயத்தால் எழுந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் விலை சரிந்தது. வீட்டின் மேற்குப் புற அறைக்கு இன்றுவரை பூச்சு இல்லை. விலை ஏறியபோதும் அப்பு நான்கு மணிக்கு எழுந்தார். சரிந்தபோதும் நான்கு மணிக்கே எழுந்தார். 1990களிற் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரும்பொருளாகி நீரிறைக்கும் இயந்திரங்கள் ஓய்ந்தபொழுது, கழற்றி மூலையிற் போட்டிருந்த துலாவை மீண்டும் ஏற்றியோருள் அவரும் ஒருவர்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் ஒரே வீதியில் எழுந்து நடந்தது. எங்கள் குடும்பம் மீசாலையில் முன்பின் அறியாத ஒருவருடைய வளவில் ஒதுங்கியது. இதனை என் தந்தையார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒதுங்கிய நான்காம் நாள், நாளை எங்கிருப்போம் என்று எவருக்கும் தெரியாத வேளையில், அப்பு வீட்டுக்காரரிடம் மண்வெட்டி இரவல் வாங்கி, வேலியோரத்தில் ஆறு வாழைக்குட்டிகளை நட்டாராம். கீரை விதைத்திருந்தால் ஒரு மாதத்தில் ஆயலாம். வாழை குலைதள்ள ஓராண்டு ஆகும். இதைத் தின்ன நாங்கள் இருப்போமா என்று தந்தையார் சினந்து கேட்க, "இருக்கிற ஆக்கள் தின்னட்டுமன்" என்றாராம். 1996 மே மாதம் அவர்கள் இணுவிலுக்கு மீண்டனர். வாழைகளை எவர் உண்டனரென்பது தெரியாது.

மாஸ்லோவின் படிகளில் இதனை எங்கே வைப்பது? உணவு குறைவு, உறங்க இடமில்லை, பாதுகாப்பு அறவேயில்லை. அடியிலுள்ள இரு படிகளும் உடைந்து கிடக்க ஒருவர் வாழை நடுகின்றார்.

பசியின் ஆட்சியை நான் குறைத்துரைப்பதாக எண்ணவேண்டாம். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பார் தாமாக முன்வந்த முப்பத்தாறு இளைஞரை இருபத்துநான்கு வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். நகைச்சுவை மறைந்தது, பாலுணர்ச்சி மங்கியது, கல்வி, அரசியல், நட்பு யாவும் பின்தள்ளப்பட்டன. சமையற் புத்தகங்களை வாசிப்பதும் உணவைப் பற்றிப் பேசுவதுமே வாழ்வாயின. பசித்தவன் பெரும்பாலும் பசியாகவே ஆகிவிடுகின்றான். எங்கள் ஊர் முதியோர் தடைக்காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அரிசி விலையிற் தொடங்கிச் சீனி விலையில் முடிப்பதும் இதனாலேயே. ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்கும் 'எப்பொழுதும்' என்ற சொல்லுக்கும் இடையே ஆறு வாழைகள் நிற்கின்றன.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் செய்ததைச் சொல்கிறேன்.

2023ஆம் ஆண்டு மாரிக்குப் பின் ஒரு விடியற்காலை அப்பு கிணற்றடி வாய்க்காலில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. கனடாவிலிருந்து சித்தப்பாவும் இலண்டனிலிருந்து மாமியும் ஒவ்வோர் இரவும் தொலைபேசியிற் கூடினர். எண்பது வயதில் இவருக்குத் தோட்டம் எதற்கு? நாங்கள் அனுப்புவது போதாதா? ஊர் எங்களை என்ன சொல்லும்? தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுப்பதென முடிவாயிற்று. அதனை அவருக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு, அவர் என் சொல்லைக் கேட்பாரென்பதால், என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

நான் உரைத்த முறை இன்றும் நினைவிலிருக்கின்றது. "அப்பு, சாப்பாட்டுக்குக் குறையில்லை, வீடு இருக்கு, பிள்ளைகள் பார்க்கினம், ஊரிலை மரியாதை இருக்கு. இனி உங்களுக்கு என்ன தேவை?" படிகளை அடியிலிருந்து உச்சிவரை ஒவ்வொன்றாக எண்ணியே கேட்டிருக்கிறேன். அவர் மறுத்துப் பேசவில்லை. மடியிலிருந்து இயந்திரக் கொட்டிலின் திறப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அடுத்த கிழமை பரீட்சை. ஊக்கல் பற்றிய வினாவுக்கு மாஸ்லோவை எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்தது.

அப்பு விறாந்தையில் அமர்ந்தார். நான்கு மணிக்கு விழிப்பது நிற்கவில்லை. விழித்து, செய்வதற்கொன்றுமின்றி, விடியும்வரை சாய்மனைக் கதிரையில் இருப்பார். ஒரு மாதத்தின் பின் உணவு குறைந்தது. வழக்கமாக இரண்டு கோப்பை சோறு உண்பவர் அரைக் கோப்பையில் எழுந்துவிடுவார். மருத்துவர் பரிசோதித்து நோயேதுமில்லையென்றார். ஏன் சாப்பிடுகின்றீர்களில்லை என்று கேட்டதற்கு, "வேலை செய்யாத உடம்புக்குப் பசி என்னத்துக்கு, பிள்ளை?" என்றார்.

இவ்வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. பசி உழைப்பைப் பிறப்பிக்கின்றது என்பது நாம் கற்றது. ஹல்லின் அம்புக்குறியும் மாஸ்லோவின் படியும் உடலிலிருந்து புறப்பட்டு உழைப்பை நோக்கியே செல்கின்றன. இங்கோ உழைப்புப் போனதும் பசி போயிற்று. அதன்பின் உறக்கம் போயிற்று. கந்தசுவாமி கோயிலடியிற் கூடும் முதியோரைச் சந்திக்கும் விருப்பமும் போயிற்று. அடித்தளம் என்று நான் நான்கு நிறத்தில் வரைந்தது உண்மையில் மேலிருந்து தாங்கப்பட்டிருந்தது போலும்.

நூலகத்துக்குச் சென்று மாஸ்லோவின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். வியப்பே காத்திருந்தது. அதிற் கூம்பகம் கிடையாது. அது பின்வந்த முகாமைத்துவ எழுத்தாளர் கைவண்ணம். தேவைகளின் ஒழுங்கு மாறக்கூடும் என்பதையும், ஒரு தேவை முற்றாக நிறைந்தாற்றான் அடுத்தது எழும் என்பதில்லை என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். நான் கற்றது குறிப்புக் கொப்பியின் மாஸ்லோவை. குறிப்புக் கொப்பிக்கு எல்லாச் சிந்தனையாளரையும் முக்கோணமாக்கிவிடும் வல்லமை உண்டு.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அப்புவின் ஓய்வைப் பற்றிக் கண்டங்கள் கடந்து ஆலோசனை நடந்த அந்நாட்களில், எழுபத்தாறு வயதான அப்பாச்சியை ஓய்வெடுக்கும்படி எவரும் சொல்லவில்லை. அவர் வழமைபோல் ஐந்து மணிக்கு அடுப்பை மூட்டினார். அறுபது ஆண்டுக்காலம் தோட்டத்துக்குத் தேநீரும் சோறும் சுமந்தவர் அவர். அவரை எது உந்துகின்றது என்று நானும் கேட்கவில்லை. பின்னர் கேட்டபொழுது, "அடுப்பை ஆர் மூட்டுறது?" என்று திருப்பிக் கேட்டார். எந்தக் கொள்கையில் இதனை அடக்குவதென இன்னும் தெரியவில்லை.

உழைப்பே மனிதனுக்கு உயிர் என்று முடித்துவிடலாம் என எண்ணியிருந்த வேளையில் என் எண்ணத்தைக் குலைத்தவர் வேறொருவர். எங்கள் தோட்டத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கூலிக்குக் கொத்தியவர். அப்புவின் வயதுதான். அதே செம்மண், அதே வெயில், அதே நான்கு மணி. அவருடைய மகன் பிரான்சுக்குச் சென்று முதன்முதற் பணம் அனுப்பிய நாளன்று மண்வெட்டியைக் கழுவிக் கொட்டிலிற் சாத்தியவர், அதன்பின் அதனைத் தொடவேயில்லை. அவரைக் காண ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளிற் சென்றேன். வேலையின்றி இருப்பது வருத்தமில்லையா என்று, சற்று மடத்தனமாகவே, கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"மண்வெட்டியைக் கண்டால் எனக்கு இப்பவும் முதுகு நோகும், பிள்ளை. அப்புவுக்கு அது தோட்டம். எனக்கு அது கூலி." சிறிது பொறுத்து, "உங்கடை வீட்டிலை எனக்குத் தேத்தண்ணி சிரட்டையிலைதான் தந்தது. தெரியுமோ உமக்கு?" என்றார். குரலிற் சினம் இல்லை. பின்னர் தனிக் குவளை வந்ததாம். கொட்டில் வளையில் தொங்குமாம்.

அவருக்கு இன்று பசியும் உண்டு, உறக்கமும் உண்டு. காலையில் வாசிகசாலையில் இரண்டு பத்திரிகைகளை முழுவதும் வாசிக்கின்றார். அவ்வாசிகசாலையின் நிருவாகத்திலும் இருக்கின்றார். கூட்டத்துக்கு அவர் வராவிட்டாற் கணக்கு ஒப்பேறாது என்று அங்கிருந்தோர் கூறினர். உழைப்பை விட்டவரல்லர் அவர். பிறர் உழைப்பை விட்டவர்.

அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் ஏறத்தாழ இருநூறு பொறியியலாளரையும் கணக்காளரையும் வினவிய ஹேர்ஸ்பேர்க் 1959இல் எழுதினார்: கூலியும் வேலைச்சூழலும் குறைவுபட்டால் மனக்குறை எழும், நிறைவாயிருந்தால் மனக்குறை நீங்குமேயன்றி ஊக்கம் பிறவாது. ஊக்கம் பிறப்பது பொறுப்பினாலும் சாதனையினாலும் பிறர் அதனை ஏற்று மதிப்பதனாலும். அந்த ஆய்வின் கணக்காளர்களுக்குச் சிரட்டையில் தேநீர் வழங்கப்பட்டிருக்கமாட்டாது. நிலம் எவருடையது, வரம்பை எங்கே வெட்டுவதென முடிவுசெய்பவர் எவர், பொழுதுசாய எவர் பெயரில் விளைச்சல் எழுதப்படுகின்றது என்பவற்றைக் கேளாத ஊக்கற்கொள்கை எங்கள் ஊரில் பாதித் தோட்டத்தையே விளக்கும். அப்புவிடம் இதனைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். "அவன் தண்ணி மாறினால் ஒரு பாத்தி பிழைக்காது. நான் அதை ஒருநாளும் அவனுக்குச் சொன்னதில்லை" என்றார்.

வெளிநாட்டுப் பணம் வந்ததனால் எங்கள் இளைஞர் சோம்பேறிகளாயினர் என்ற குற்றச்சாட்டையும் அண்மைக்காலமாக அடிக்கடி கேட்கிறோம். சந்தியில் மோட்டார் சைக்கிளுடன் நிற்பவனைச் சுட்டிக்காட்டுவது எளிது. அவன் நிற்பது பணத்தினாலா, தான் செய்யும் எதனையும் எவரும் எதிர்பார்க்கவில்லை என்பதனாலா என்பதைச் சுட்டுபவர் ஆராய்வதில்லை. 1960களில் மக்கிளெலண்ட் ஆந்திராவின் காக்கிநாடாச் சிறுவணிகருக்குப் பயிற்சியளித்துச் சாதனை ஊக்கலை வளர்க்க முயன்றார். எங்கள் பாடசாலைகளில் நடக்கும் 'வெற்றி பெறுவது எப்படி' என்ற கருத்தரங்குகள் அதன் தூரத்து உறவினர் எனலாம். அவற்றில் நான் கற்றது கைதட்டுவதற்கே.

வெகுமதியைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்றுண்டு. சிறுவயதில் ஓயாது படம் கீறுவேன். ஐந்தாம் ஆண்டில் இருந்தபொழுது, மாவட்டச் சித்திரப் போட்டியில் முதலிடம் பெற்றால் சைக்கிள் வாங்க அனுப்புவதாகச் சித்தப்பா சொன்னார். பெற்றேன், சைக்கிள் வந்தது. அதன்பின் நான் படம் கீறியதாக நினைவில்லை. 1973இல் லெப்பரும் அவர்தம் துணைவரும் பாலர் பாடசாலைச் சிறுவரிடம் கண்டதும் இதுவே. பரிசு தருவதாகச் சொல்லி வரையச் செய்த பிள்ளைகள், பின்னர் பரிசில்லாத வேளையில், ஏனையோரிலும் பாதியளவு நேரமே வண்ணப்பேனைகளைத் தொட்டனர். அதற்கு ஈராண்டு முன்னர் எட்வேர்ட் டெசி, புதிர்க்கட்டைகளைப் பணத்துக்காகச் சேர்த்த மாணவரிடமும் அதனையொத்த நாட்டக்குறைவைக் கண்டிருந்தார். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை கலைப்பிரிவில் எழுதி இங்கு வந்தவள் நான். இருமுறையும் எனக்குத் தருவதாகச் சொல்லப்பட்ட பரிசுகளின் பட்டியல் நீண்டது. மூன்றாம் முறை எவரும் எதுவும் சொல்லவில்லை. நான் விரும்பிப் படித்த ஒரே ஆண்டு அது.

டெசியைப் படித்துக்கொண்டிருந்தபொழுதே இன்னோர் ஆய்வு கண்ணிற்பட்டது. 1976இல் எலென் லாங்கர், ஜுடித் ரோடின் என்னும் இருவர் அமெரிக்க முதியோர் இல்லமொன்றிற் செய்தது. ஒரு தளத்திலுள்ளோருக்குப் பூச்சாடியொன்றைக் கொடுத்து, அதனைப் பேணுவதும் தம் நாட்களை ஒழுங்குசெய்வதும் அவர்கள் பொறுப்பென்றனர். மற்றத் தளத்திலுள்ளோருக்கும் பூச்சாடி கொடுத்தனர்; ஆனால் தாதியர் நீரூற்றுவர், நீங்கள் கவலைப்பட வேண்டாமென்றனர். சில வாரங்களில் முதற் தளத்தார் கூடிய உற்சாகத்துடனும் நடமாட்டத்துடனும் இருக்கக் காணப்பட்டனர். கவலைப்பட வேண்டாம் என்பது அன்பு மிகுந்த வாசகம். நானும் அதனையே சொல்லியிருந்தேன்.

தோட்டம் ஈராண்டுக் குத்தகையிற் போயிருந்தது. ஆதலின் குசினிக்குப் பின்னால் நான்கு பாத்தி கொத்தலாமென நானே மண்வெட்டியை எடுத்தேன். அப்புவுக்குச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அதுவும் ஒரு சிகிச்சையாகி வெறுத்துவிடுவாரென அஞ்சினேன். மூன்றாம் நாள் கத்தரிக் கன்று நட்டேன். விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்துவந்தார். பாத்தியின் வாட்டம் பிழை, தண்ணீர் தெற்கே நிற்கும், கன்றை உச்சி வெயிலில் நட்டவள் எவள், குழை தாழ்த்தாமல் மண் எப்படி ஊறும் என்று கால்மணி நேரம் ஏசினார். பல மாதங்களாக நான் கேட்ட மிக நீண்ட பேச்சு அதுவே. முறிந்து பொருந்திய கையால் மண்வெட்டியை வாங்கி, நான் கட்டிய வரம்பு முழுவதையும் கலைத்தார். அன்றிரவு அப்பாச்சி இரண்டாம் முறை சோறு போட்டார். எவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

குத்தகைக்காரர் மாலை வேளைகளில் வந்து, வெங்காயத்தின் இலை சுருள்கின்றது, என்ன செய்வதென்று கேட்கத் தொடங்கியதும் அதன்பின்னரே. அது உண்மையில் அறியவேண்டிக் கேட்பதா, என் தந்தையார் சொல்லிக் கேட்பதா என எனக்குத் தெரியாது. அப்புவுக்கும் அந்த ஐயம் இருக்கின்றதென நினைக்கிறேன். எனினும் விடை சொல்லுகின்றார். ஒருநாள் மாலை, வாசிகசாலையிலிருந்து திரும்பும் வழியில் மண்வெட்டியைக் கழுவிச் சாத்தியவரும் வந்தார். அப்பாச்சி எல்லோருக்கும் ஒரேமாதிரியான கோப்பையில் தேநீர் கொண்டுவந்தார். வந்தவர் கோப்பையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் குடித்தார். கத்தரியைப் பற்றி அவருக்கும் அப்புவுக்கும் கடும் வாக்குவாதம் நடந்தது. அவர் சொன்னதே சரியென்று அடுத்த கிழமை தெரிந்தது.

குத்தகை வரும் ஐப்பசியோடு முடிகின்றது. சித்தப்பா இவ்வாண்டு முழுவதுக்குமாகப் பணம் அனுப்பிவிட்டார். குத்தகையைத் தொடரும்படியும் சொல்லியிருக்கிறார். கிணற்றடி வாய்க்கால் இப்பொழுதும் வழுக்குகின்றது. அப்புவுக்கு வயதும் கூடியிருக்கின்றது. மறுமுறை விழுந்தால் மணிக்கட்டோடு போகாதிருக்கலாம். இயந்திரக் கொட்டிலின் திறப்பு என் மேசை லாச்சியில், நான்கு நிறக் கூம்பகம் கீறிய கொப்பியின் மேற் கிடக்கின்றது. நேற்றுக் காலை நான் வளாகத்துக்குப் புறப்படும்போது, "திறப்புக்குத் தேங்காயெண்ணெய் பூசி வை பிள்ளை, கறள் பிடிக்கும்" என்றார் அப்பு.